பால்டின் சுற்றிய புகைக்குழாய்

என் கணவர் காரைக் காதால் பார்ப்பவர். ஓட்டிக்கொண்டே தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், கொஞ்ச நேரம் கேட்பார், "நல்லா இருக்கு" என்பார். அதோடு பரிசோதனை முடிந்துவிடும். சட்டை அழுக்காகும் என்று ஒருநாளும் காரின் அடியில் குனிந்து பார்த்ததில்லை. துறைமுகத்துக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. வெள்ளைச் சட்டை அவருக்கு இன்னொரு தோல்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தகரக் கூரை வீட்டில் குடியிருந்தோம். அவர், அவருடைய அம்மா, நான். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. என் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவர் குத்திப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டார்.

கார் வந்தது இப்படித்தான். அவரோடு வேலை பார்த்த ஒருவர் வேலையை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். போகும்போது தன் பழைய இங்கிலீஷ் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். எங்களிடம் வரும்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல். கதவை மூடினால் துரு உதிரும். பின்சீட்டுக்குக் கீழே தரைத் தகட்டில் ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை. மழை நாளில் அதன் வழியாகச் சேறு தெறித்து என் புடவைக் கரையில் படும். மாமியார் அதன் மேல் ஒரு கயிற்றுப் பாயைத் துண்டாக வெட்டிப் போட்டார். பாய் போட்ட பிறகு ஓட்டை இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது.

வார நாட்களில் முன்சீட்டில் அவருடைய கிடங்கு நண்பர் ஒருவர் வருவார். ஆண்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். அது யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அந்த முன்சீட்டு மாமியாருக்கு. அப்போதும் நான் பின்னால்தான். கார் ஓட்டுபவர்கள் திரும்புவதற்கு முன் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டும் காலம் அது. அதனால் என் கணவரின் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும். நண்பர் சிகரெட் குடிப்பவர், அவர் பக்கமும் திறந்திருக்கும். பின்பக்கம் இரண்டும் மூடியிருக்கும். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போகிற வாத்தியாரம்மா பள்ளிக்கூட வாசலில் பேய் மாதிரி இறங்க முடியாதே.

ஒருநாள் எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் செம்மண் பாதையில் காரின் அடி ஒரு கல்லில் இடித்தது. அதற்குப் பிறகு அது போட்ட சத்தம் இருக்கிறதே, வழியில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நான் இறங்கியபோது தலைமையாசிரியர் மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போனது. இன்றைக்கே இதைச் சரிசெய்யாவிட்டால் நாளை முதல் பஸ்ஸில்தான் போவேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் என் கணவருக்குப் பக்கத்து ஊர்க்காரர். வேறு தகுதி எதையும் என் கணவர் விசாரிக்கவில்லை. ஊர்க்காரன் ஏமாற்ற மாட்டான் என்பது அவருடைய வேதம். அந்த மனிதர் ஏமாற்றவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாய் துருப்பிடித்து ஒரு சாண் நீளத்துக்கு இற்றுப்போயிருக்கிறது, குழாயையே மாற்ற வேண்டும் என்றார். விலையையும் சொன்னார். என் கணவர் வெளியே போய்ச் சந்தைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து, செலவில்லாமல் வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

செய்ய முடிந்தது. ஒரு காலிப் பால்டின்னை வெட்டி, தட்டி நிமிர்த்தி, இற்றுப்போன இடத்தில் சுற்றினார். அதற்கு மேல் சூடு தாங்கும் நாடா, நாடாவுக்கு மேல் கம்பி. கம்பியைக் குறட்டால் முறுக்கி முறுக்கி இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவர் சொன்னதை நான் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணே, இது வெறும் கட்டுதான். ஒரு மாசம் தாங்கும். அதுக்குள்ள குழாய மாத்திடுங்க."

என் கணவர் சரி என்றார். வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார், முகம் மலர்ந்தது. வீடு வரைக்கும் அதே பேச்சு. காசுக்கேற்ற தோசை என்று நான் சொன்னதற்கு, தோசை நன்றாகத்தானே இருக்கிறது என்று சிரித்தார். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்று அவரை மாமியாரிடம் கேலி செய்தேன். மாமியாரும் சிரித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல குஷியில் இருந்தோம்.

ஒரு மாதம் போனது. ஊர்க்காரர் சொன்ன கெடு என் கணவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்றால் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். முதல் பாடவேளை முழுக்கக் கரும்பலகை தள்ளாடும். குடித்த காப்பி நெஞ்சிலேயே நிற்கும். ஒருநாள் காலை வாசல் கால்வாய் ஓரத்தில் நின்று வாந்தி எடுத்தேன். என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியை ஒருவர் ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பிள்ளை பெற்றவர். முதுகைத் தடவிக்கொண்டே, எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள். எனக்கு எப்போதுமே தேதி ஒழுங்காக வந்ததில்லை. இருபது நாள் தள்ளிப்போன மாதமும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு வேறு பன்னிரண்டாக இருந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வகுப்புக்குப் போனார். நான் அன்று பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தேன். தலை சுற்றிக்கொண்டே இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. மறுநாளும் வாந்தி, அதற்கடுத்த நாளும் வாந்தி. மாமியாருக்குச் சொல்லவா வேண்டும்? சந்தைக்குப் போனவர் பச்சை மாங்காய் இரண்டு வாங்கிவந்து, சீவி, உப்பும் மிளகாயும் தூவி என் முன்னால் வைத்தார். மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, டாக்டரிடமும் இப்போது போகக்கூடாது என்றார். கண் பட்டுவிடும். ஏழு வருடம் காத்திருந்து கண் படக் கொடுப்பதா?

மகனைக் கூப்பிட்டு ஒரு கட்டளையும் போட்டார்.

"வாயும் வயிறுமா இருக்கிற புள்ள. பின்னாடி கண்ணாடிய நல்லா ஏத்தி விடு தம்பி. காத்து படக்கூடாது."

என் கணவர் கண்ணாடிகளை ஏற்றினார். அதில் ஒன்று முழுதாக மூடாது, ஒரு விரல் இடைவெளி இருக்கும். அதில் ஒரு பழைய துண்டை மடித்துச் செருகினார். ஏழு வருடத்தில் அவர் என்னை அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டதில்லை. துண்டு செருகிய பிறகு எனக்கு வாந்தி அதிகமானது. அதிகமாக ஆக, மாமியாரின் முகத்தில் வெளிச்சம் கூடியது. பையன் என்றால்தான் இப்படிப் படுத்துவான், தன் மகனும் இப்படித்தான் படுத்தினான் என்றார்.

நான் அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஒவ்வொரு காலையும் கால்வாய் ஓரத்தில் குனியும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. காருக்குள் ரப்பர் கருகுவது மாதிரி ஒரு வாடை வரும். இந்தச் சமயத்தில் எல்லா வாடையும் தூக்கலாகத்தான் தெரியும் என்று மாமியார் சொல்லியிருந்தார். அவருக்கு மல்லி வறுக்கிற வாசனையே ஆகாமல் இருந்ததாம். சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது எனக்கு ஒன்றும் செய்யாது, நன்றாகச் சாப்பிடுவேன். அது வரும், போகும் என்றார். நாங்கள் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் கூட அவரிடம் பதில் தயாராக இருந்தது.

பிறகு அந்த நான்கு நாட்கள் வந்தன. கிடங்கில் ஒரு கப்பல் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. என் கணவர் விடியுமுன்னே போக வேண்டும் என்பதால் அவரும் நண்பரும் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். நான் திங்கள் முதல் வியாழன் வரை பஸ்ஸில் போனேன். சிகரெட்டும் மீன்கூடையும் வேர்வையும் கலந்த பஸ். இந்த நிலைமையில் இது முடியுமா என்று மாமியார் தவித்தார். கைக்குட்டையில் எலுமிச்சம்பழம் முடிந்து கொடுத்தார்.

எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. திங்களன்று அதை நல்ல நேரம் என்று நினைத்தேன். செவ்வாயன்று கரும்பலகை அசையாமல் நின்றது. புதனன்று பஸ் சன்னல் ஓரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே மீன்கூடைப் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தேன். வயிறு புரளவில்லை. வியாழனன்று பள்ளிக்கூடக் கழிவறைக்குள் போய் விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தேன். கண்ணீர் மட்டும்தான் வந்தது.

மாமியார் தினமும் சாயங்காலம் வாசலிலேயே நின்று கேட்பார். நான்கு நாளும், "ரெண்டு தடவை எடுத்தேன் அத்தை" என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கார். துண்டு செருகிய சன்னல், கயிற்றுப் பாய், கருகல் வாடை. புக்கிட் தீமா சாலையில் பாதி தூரம் போவதற்குள் தலை கனத்தது. பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்தேன். கடவுளே, எவ்வளவு நிம்மதியாக இருந்தது. நான் நன்றி சொல்லிக்கொண்டே கால்வாயில் குனிந்திருந்தேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சொல்ல வைத்தவள் நான். நான் எதையும் விசாரிக்கவில்லை. காரில் போனால் வருகிறது, பஸ்ஸில் போனால் வரவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட இந்தக் கணக்கு வரும். எனக்கும் வந்தது. விடையை மட்டும் கையால் மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது மற்றவர்களிடமிருந்து அல்ல, என்னிடமிருந்தே.

இன்னும் ஒன்றிரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். அதற்கு முந்தைய ஞாயிறன்று நான் காரிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழப் பார்த்தேன். அதனால் இந்த முறை மாமியார் முன்சீட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நல்ல மழை. மாமியார் அர்ச்சனைத் தேங்காயைக் காலடியில் வைத்துக்கொண்டு, பெண்ணாகப் பிறந்தாலும் பரவாயில்லை, முதல் பிள்ளைதானே, அடுத்தது பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் எங்கோ அவர் பேச்சு நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். என் தலைமேல் இருந்த அவர் கை கனமாக இருந்தது.

கோயிலுக்கு எதிரே கார் நின்றதும் அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். ஒரு கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கால்வாயில் குனிந்து வாந்தி எடுத்தார். நானும் இறங்கி அவருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன்.

அங்கே பூக்கட்டி விற்கிற பெண் ஒருத்தி உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்த இடத்தில் குனிவதைப் பார்த்து, அவளே எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அன்றும் செம்பை நீட்டினாள். நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"என்ன லா, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்துலயா?"

மாமியாருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவர் வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. என் கணவர் குடையை விரித்தபடி நடுவில் நின்றார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. எங்கள் இருவரையும் பார்த்தார், திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு அந்த ஈரத் தரையில் மண்டியிட்டுக் காரின் அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்திருக்க வெகு நேரமாகியது.

அன்று கோயிலுக்குள் யாரும் போகவில்லை. பின்சீட்டில் யாரும் உட்காரவும் இல்லை. அம்மாவையும் என்னையும் அவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் அவர் லீவு போட்டார். என்னையும் போடச் சொன்னார். எங்கள் பக்கத்திலேயே, பெரிய சாலை ஓரம் ஒரு சீனரின் பட்டறை இருந்தது. அதிகம் பேசாத மனிதர், பேசினால் மலாயில் பேசுவார். என் கணவரிடம் வண்டியைக் கிளப்பி வைக்கச் சொன்னார். ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து, பின்னால் புகை வெளியே வரும் வாயில் வைத்துக் கையால் இறுக அடைத்தார். குழாய் நன்றாக இருந்தால், புகைக்குப் போக வழியில்லாமல் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். எஞ்சின் நிற்கவில்லை. சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. காருக்கு நடுவில் எங்கிருந்தோ சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் காட்டுகிறேன் என்பது போல அவர் பின்கதவைத் திறந்து கயிற்றுப் பாயைத் தூக்கினார். அதன் அடிப்பக்கம் கரி பிடித்திருந்தது. ஓட்டையின் வழியாகப் புகை நூல் மாதிரி எழும்பியது.

பால்டின் எரிந்து சல்லடையாகிவிட்டிருந்தது. கீழேயிருந்து பார்த்தால் கட்டு அப்படியேதான் தெரிந்தது, கம்பியின் முறுக்குக் கூட அவிழவில்லை. மேல்பக்கம், என் காலுக்கு நேரே, வாய் பிளந்திருந்தது. முந்தின நாள் என் கணவர் மண்டியிட்டுப் பார்த்தும் அதனால்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

சீனர் என்னைப் பார்த்துத் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "கெப்பாலா சாக்கிட்?" தலைவலிக்கிறதா என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"ஆசாப் மாசோக்," என்றார். புகை உள்ளே போகிறது. பிறகு என் கணவரிடம் திரும்பி, இப்படித் தூங்கிக்கொண்டே செத்துப்போனவர்கள் உண்டு என்று சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் பக்கத்தில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

உடைத்த காரிலிருந்து எடுத்த ஒரு குழாயைத் தேடிப்பிடித்து அன்றைக்கே மாட்டினார்கள். ஓட்டைக்கும் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். திரும்பவும் சாக்கை நனைத்து அடைத்தபோது எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி நின்றது. இந்த முறை சாக்கை அடைத்துப் பார்த்தது என் கணவர். எனக்குப் புதிதாக மாட்டிய அந்தக் குழாயின் மேல் வந்த வெறுப்பு, மனுஷர் யார் மேலும் அதுவரை வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். மழை பெய்தாலும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் அவர் ஓட்டினார். என் புடவை நனைந்தது, தலை கலைந்தது. ஒவ்வொரு காலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். புகையும் இருக்கலாம், பிள்ளையும் இருக்கலாம் இல்லையா? இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? நாள் தள்ளிப்போனது தள்ளிப்போனதுதானே. கரும்பலகை அசையாமல் நின்றது. என் முகம் தெளிந்துவிட்டது, சாப்பாடு இறங்க ஆரம்பித்துவிட்டதா என்று அந்த மூத்த ஆசிரியை கேட்டார். மாமியார் சாயங்காலம் வாசலில் நின்று, "தலை சுத்துதா?" என்பார். "கொஞ்சம்" என்பேன். அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார்.

ஒன்பதாவது நாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ரத்தம் பட்டது. வழக்கத்தைவிட அதிகம், வழக்கத்தைவிட வலி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சிராங்கூன் சாலையில் இருந்த லேடி டாக்டரிடம் தனியாகப் போனேன். நம் தமிழ்ப் பெண்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பஸ்ஸில் போன நான்கு நாட்களையும் சொன்னேன். அவரிடம்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவர் பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார். என்னைத் திட்டவில்லை.

"இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். முன்னாடியே வந்திருந்தா டெஸ்ட் எடுத்துச் சொல்லியிருப்பேன். இப்ப சொல்ல முடியாதும்மா."

அந்தப் புகையாலா என்று கேட்டேன். புகை நல்லதில்லை, ஆனால் அதனால்தான் என்றும் சொல்லமாட்டேன் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவரும் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் இருந்தார்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் வாசலில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

"எனக்கு அன்னிக்குக் கோயில் வாசல்லயே தெரிஞ்சு போச்சு புள்ள. நீயா சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்போம்னு இருந்தேன்."

அப்போதுதான் அழுதேன். அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். சமையலறைக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. அவருக்கும் அழ ஓர் இடம் வேண்டுமே.

என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் அம்மா சொல்லியிருக்க வேண்டும். நான் படுத்திருந்த பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கூடக் கழற்றவில்லை. டாக்டரிடம் போனாயா என்று கேட்டார். போனேன் என்றேன். அதன்பிறகு கேட்க அவருக்குத் தைரியம் வருவதற்குள் வெளியே முழுவதும் இருட்டிவிட்டது.

"நான் அந்தக் குழாய அன்னிக்கே மாத்தியிருந்தா நம்ம புள்ள இருந்திருக்கும். இல்லையா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாசம் தாங்கும் என்று ஊர்க்காரர் சொன்னது இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது. அவருக்கு அது மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் என் தலை தெளிந்திருந்த நான்கு நாளும் அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நானே போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததும் தெரியாது.

"புள்ளயே இல்லீங்க," என்றேன். "வெறும் புகைதான். டாக்டர் நல்லா பார்த்துட்டுச் சொன்னாங்க."

"நிச்சயமா சொன்னாங்களா?"

"நிச்சயமா சொன்னாங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவிடம் போய்ச் சோறு கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் நம்பிவிட்டார்.